திருகு இல்லாத பாட்டுப் பெட்டி

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றில் நின்றுவிடுவேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. உப்புப் போட்டேனா இல்லையா என்று குழம்பைத் திரும்பத் திரும்ப நக்கிப் பார்க்கிற நிலைமை. அதனால் முன்னே நடந்தது பின்னே, பின்னே நடந்தது முன்னே என்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம்தான். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வந்ததே மறந்துவிடுகிறது. எழுதும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை.

சொல்ல வந்தது எங்கள் வீட்டுக்குப் பாட்டுப் பெட்டி வாங்கினதைப் பற்றி.

நாங்கள் ஓசூரில் இருக்கிறோம், சிப்காட் பக்கம். லைன் வீடு. ஒரு சுவரை இரண்டு வீட்டுக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்கிற மாதிரி கட்டியிருப்பார்கள். எங்களுக்கு இந்தப் பக்கம் ஓனரம்மா. அந்தப் பக்கம் ஒரு கம்பெனிப் பையனும் அவன் பெண்டாட்டியும். அவனுக்குப் பெரும்பாலும் நைட் ஷிப்டு. ஓசூரில் பாதி ஊர் பகலில்தான் தூங்கும். பகலில் இந்தத் தெருவில் குக்கர் விசில் விடுவதற்கே யோசிக்க வேண்டும்.

வீட்டில் நான், மகன், மருமகள், படுக்கையில் என் வீட்டுக்காரர். அவர் அஞ்செட்டிப் பக்கத்து ஆள். காட்டோர நிலத்தை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு இளவயதிலேயே இங்கே வந்து பிரஸ் கம்பெனியில் சேர்ந்தார். தகட்டை உள்ளே வைத்துப் பட்டனை அழுத்தினால் மேலேயிருந்து மெஷின் இறங்கி அடிக்கும், வண்டிக்கு வேண்டிய சாமான் வெட்டி விழும். ரிட்டயர் ஆகிறவரைக்கும் அதே வேலைதான். அந்தச் சத்தத்தில் காது பாதி மந்தமாகிவிட்டது. காது மந்தமானவர் சத்தமாகப் பேசுவார். என் வீட்டுக்காரர் சத்தமாகத் திட்டுவார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பார். உடனே போகாவிட்டால், "ஏய், செவிட்டு எருமை" என்பார். செவிடு அவருக்கு, பட்டம் எனக்கு.

போன வருஷம் அவருக்கு வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டன. பேச்சும் போய்விட்டது. பேச்சு என்றால் எல்லாம்; திட்டுகூடப் போய்விட்டது. அந்த "ஏ" ஒன்று மட்டும் மிஞ்சியது. அவருக்குத் தெரிந்த அத்தனை வார்த்தையிலும் என்னைக் கூப்பிடுகிற வார்த்தைதான் மிச்சம் என்று நினைத்துப் பார்த்தேன். பெருமைப்படவும் முடியவில்லை.

கேட்கிறவர்களுக்கு அது ஒரே கத்தல். எனக்கு அப்படியில்லை. அடித்தொண்டையிலிருந்து நீளமாக இழுத்தால் தண்ணீர். வெட்டி வெட்டிக் கூப்பிட்டால் ஒன்றுக்கு. கடைசியில் மேலே ஏறினால் முகத்தில் ஈ உட்கார்ந்திருக்கிறது, ஓட்ட முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தாலும் இழுவையைக் கேட்டே சொம்பா, பெட்பேனா என்று கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

ஒரு நாள் ஓனரம்மா வந்து நிலைப்படியில் நின்றார். அவர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார்.

"நோடம்மா, நானு கெட்டவ இல்ல," என்றார் என்னிடம். "பக்கத்து வீட்டுப் பையன் ராத்திரி பூரா மிசின்கிட்ட நின்னுட்டு வர்றான். கண்ண மூடுனா ஒங்க வீட்டுக்காரரு மாடு கத்தற மாதிரி கத்தறாரு. வீட்டக் காலி பண்றேங்கறான். நான் அவன அனுப்பட்டுமா, ஒங்கள அனுப்பட்டுமா. நீங்களே சொல்லுங்க."

நான் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் ஹாலில் தையல் மெஷினில் இருந்தாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள்.

"நாங்க என்னக்கா பண்றது," என்றாள் தலையைத் தூக்காமல். "மெஷின் கையில இருக்குது. வாயத் தெச்சு வுட்டுடலாம்னா ஒங்க தம்பி திட்டுவாரு." தம்பி என்று அவள் சொன்னது என் மகனை.

"நூலு என் கணக்குல வாங்கிக்க," என்றார் ஓனரம்மா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே அவர் நீளமாக இழுத்தார். தண்ணீர். எழுந்து போனேன்.

சாயந்திரம் மகன் வந்ததும் மருமகள் சொன்னாள். அவனும் கம்பெனிக்காரன்தான், லைனில் சூப்பர்வைசர். காப்பியைக் குடித்துக்கொண்டே யோசித்தான்.

"மெஷின் சத்தத்துல எவனும் முழிக்க மாட்டான்," என்றான். "பிரேக்ல நாங்க மெஷின் பக்கத்துலயே சாஞ்சு தூங்கறமே. ஒரே மாதிரி ஓடிட்டிருந்தா தூக்கம் நல்லா வரும். நடுவுல மனுசன் கத்துனாதான் தூக்கி வாரிப் போடும். அவுரு ரூம்ல பாட்டுப் போட்டு வுட்டுடலாம். காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் நிக்காம ஓடணும்."

"போன்ல போட்டா போதாதா?" என்றாள் மருமகள்.

"போன் பத்தாது. இப்ப எல்லாம் ஒரே பெட்டியில வருது. சின்னதா இருக்கும், சத்தம் பெருசா இருக்கும். ஞாயித்துக்கெழம போய்ப் பாக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினான். "அம்மா, நீயும் வா. நீதான் கேட்டுச் சொல்லணும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எந்தச் சாமான் வாங்கவும் என்னை யாரும் கூட்டிப் போனதில்லை. ஃபிரிட்ஜ் வந்தபோது அது வீட்டுக்குள் இறங்கின பிறகுதான் பார்த்தேன். என் தங்கை வீட்டில் ரேடியோ வைத்த பெட்டி ஒன்று உண்டு. மத்தியானத்தில் மெதுவாக வைத்துக்கொண்டு கீரை ஆய்வாள். அந்த மாதிரி ஒன்று நம் வீட்டுக்கும் வந்தால் அவருக்குக் காதில் விழுந்ததும் ஆயிற்று, எனக்கும் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டேன். நல்ல புடவை கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கஞ்சி ஊட்டி, துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு போனோம். பூட்டும்போது வெட்டி வெட்டிக் கூப்பிட்டார். "இப்பத்தான போனாரு, வா," என்றான் மகன்.

கடை பாகலூர் ரோட்டில். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். விற்கிற தம்பி தெற்கத்திக்காரன்; பேச்சிலேயே தெரிந்தது. நன்றாகச் சிரித்த முகம்.

"வாங்க சார். வாங்க பாட்டியம்மா. என்ன மாதிரி பாப்போம்? சின்ன ஹாலா, பெரிய ஹாலா?"

"சின்ன ரூம்," என்றான் மகன். "சத்தம் நெறைய வேணும். நிக்காம ஓடணும். உள்ள இருக்கற சத்தம் வெளிய போகக்கூடாது."

அந்தத் தம்பி மருமகளைப் பார்த்தான், மகனைப் பார்த்தான். "புரியுது சார். லைன் வீடுல்லா. சொவரு மெல்லிசு. புதுசா கல்யாணம் ஆனவுகளுக்கு நெறையக் குடுத்திருக்கேன்."

மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "எங்களுக்குக் கல்யாணமாயி காலம் ஆச்சு. உள்ள சத்தம் போடறது என் மாமனாரு."

நான் தரையைப் பார்த்தேன்.

மகன் விஷயத்தைச் சொன்னான். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் உச்சுக் கொட்டினான். பிறகு, "பெரியவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் சார்?" என்று கேட்டான்.

மகனும் மருமகளும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. அவர் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. "அவுருக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்றேன்.

"அப்பப் பிரச்சினையே இல்லலா," என்றான் அவன். "அவருக்கும் தொந்தரவு இல்ல."

முதலில் எடுத்தது எனக்குப் பிடித்துவிட்டது. மரக்கலர். ரேடியோ, சி.டி., பென்டிரைவ், எல்லாம் ஒன்றுக்குள்ளேயே. இரண்டு பக்கமும் வலை போட்ட வாய். நடுவில் ஒரு திருகு, ரவா உருண்டை அளவுக்கு. கடைக்காரத் தம்பி அதைத் திருப்பினான். பாட்டு ஏறியது, இறங்கியது. என் கையையும் வைக்கச் சொன்னான். வைத்தேன். இப்படித் திருப்பினால் பெரிசு, அப்படித் திருப்பினால் சிறிசு. அவர் கூப்பிடுகிற மாதிரி இருந்தால் ஒரு நிமிஷம் குறைத்துக் கேட்டுவிட்டு மறுபடி ஏற்றிவிடலாம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பாட்டு எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும். அவர் கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும்.

"இது நல்லாருக்குதுடா," என்றேன்.

"இரு, டெஸ்ட் பண்ணிடலாம்," என்றான் மகன்.

பாட்டுப் போட்டுக் காட்டுவதற்கென்று கண்ணாடி அறை ஒன்று வைத்திருந்தார்கள். மகனும் கடைக்காரத் தம்பியும் பெட்டியோடு உள்ளே போனார்கள். நானும் மருமகளும் வெளியே. "அம்மா, நான் அப்பா மாதிரி கத்தறேன். கேக்குதான்னு சொல்லு. ஒன் காதுக்கே கேக்கலன்னா வேற எவனுக்கும் கேக்காது." அப்போதுதான் என்னை எதற்குக் கூட்டி வந்தான் என்று தெரிந்தது.

பாட்டு ஓடியது. மகன் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை ஒரு பக்கம் கோணலாக்கிக்கொண்டு, கத்தினான்.

"ஏ…"

அதே இழுவை. அடித்தொண்டையிலிருந்து நீளமாக. மகன் அப்பாவைத் திரும்பியே பார்ப்பதில்லை என்று எனக்கு ஒரு குறை இருந்தது. நன்றாகத்தான் பார்த்திருக்கிறான். கோணின வாயில் எச்சில் எந்தப் பக்கம் ஒழுகும் என்பது வரைக்கும் பார்த்திருக்கிறான். எனக்குக் கால் தானாக நகர்ந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "இதோ வந்துட்டேன்," என்றேன்.

கடையே சிரித்தது. பில் போடுகிற பெண்ணும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். மருமகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். "எங்க அத்தைக்கு அத்தன பாசம்," என்றாள்.

"பாட்டியம்மாவுக்கு நல்லாவே கேக்குது சார். அப்ப இந்தப் பெட்டி ஃபெயிலு," என்று கடைக்காரத் தம்பி மரக்கலர்ப் பெட்டியை ஓரம் தள்ளிவிட்டான்.

அடுத்து ஒன்று எடுத்தான். செங்கல்லுக்குச் சாம்பல் கலர் துணி சுற்றின மாதிரி இருந்தது. திருகு இல்லை, பொத்தான் இல்லை, வாயும் தெரியவில்லை. போனில் எதையோ தடவினான். சத்தம் தரை வழியாக என் பாதத்துக்குள் ஏறியது. மகன் மறுபடி தலையைச் சாய்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாய் திறந்தது, மூடியது, திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்குதா அத்த?" என்றாள் மருமகள்.

"இல்ல."

அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். பெட்டி முடிவாகிவிட்டது.

அவர்கள் வெளியே வந்ததும், எப்படியோ தைரியம் வந்து சொன்னேன்: "இதுல திருகு இல்லியேடா."

"அதெல்லாம் பழசு பாட்டியம்மா," என்றான் கடைக்காரத் தம்பி. "வீட்டுல வைஃபை இருந்தாப் போதும். சார் கம்பெனில உக்காந்துக்கிட்டே கூட்டலாம், கொறைக்கலாம்."

"அதான் நல்லது," என்றான் மகன். "திருகு இருந்தா இவங்க கொறைப்பாங்க."

கருப்பும் இருக்கிறது, எந்தக் கலர் என்று கேட்டான் அந்தத் தம்பி. திரைத்துணிக்குச் சாம்பல்தான் பொருந்தும் என்று மருமகள் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் படுக்கை நனைந்திருந்தது. நான் அதை மாற்றிக்கொண்டிருக்கும்போதே மகன் கட்டிலுக்கு எதிரில் பீரோ மேல் பெட்டியை வைத்தான். நான் நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரம். மறுநாளிலிருந்து ஓடத் தொடங்கியது. காலையில் சாமிப் பாட்டு. அப்புறம் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று கலந்து வரும். ஓனரம்மா கையில் மல்லிகைப் பூவோடு வந்தார்.

"இப்பத்தான் வீடு மங்களமா இருக்குது. பக்கத்துப் பையன் நல்லாத் தூங்கறானாம்," என்றார். பூவை என் தலையில் அவரே வைத்துவிட்டார்.

கூப்பிடுவதற்கு என்ன வழி என்று நான் மகனிடம் கேட்கவில்லை. அவனே ஒரு வழி வைத்திருந்தான். ஆன்லைனில் ஒரு பெல் வரவழைத்தான். கம்பி இல்லாத பட்டன் ஒன்று. அதைக் கட்டிலில், அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் ஒட்டினான். அதை அழுத்தினால் சமையலறையில் சிவப்பு விளக்கு எரியும்.

"லைன்ல இப்படித்தான்மா. ஆபரேட்டருக்கு ஏதாவது வேணும்னா பட்டன அழுத்துவான், மேல லைட் எரியும், நாங்க போவோம். எரியலன்னா ஒன்னும் வேணாம்னு அர்த்தம். நீ சும்மா சும்மா ஓட வேணாம்."

விளக்கு எரியவில்லை. அன்றைக்கும் எரியவில்லை, அடுத்த நாளும் எரியவில்லை. நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டே அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் பொறுக்காமல் ஓடுவேன். சில தடவை அவர் தூங்கிக்கொண்டிருப்பார். சில தடவை நனைந்து கிடப்பார். "லைட்டே எரியல, எதுக்கு ஓடறீங்க," என்பாள் மருமகள். ஒரு தடவை பாட்டுப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நின்ற உடனே கம்பெனியிலிருந்து மருமகளுக்குப் போன் வந்தது. "யாரு ஆஃப் பண்ணது?" என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. மருமகள் எழுந்து போய்ப் பிளக்கைச் செருகிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தைத்தாள்.

ஒரு மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் ஆள் இல்லை. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் கிடந்தார், செத்த கை அடியில் மடங்கியிருக்க. எவ்வளவு நேரமாகக் கிடந்தாரோ தெரியவில்லை. கன்னத்துக்குக் கீழே எச்சில் காய்ந்திருந்தது. பீரோ மேல் பெட்டி பெரிய சத்தத்தில் ஒரு கல்யாணப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்தது, மூடியது, திறந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்த அதே வாய். குனிந்து காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான் எனக்குக் கேட்டது. "ஏ" என்றார்.

மருமகளும் நானும் தூக்கிப் போட்டோம். கை வீங்கிவிட்டது. சாயந்திரம் மகன் வந்து நின்றான்.

"இத்தன ஆனதுக்கு அந்தப் பட்டன அழுத்தினா என்னவாம்?" என்றான். அவர் இடது கையைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்தான். "அழுத்துப்பா. அழுத்துனா அம்மா வருவாங்க. அழுத்து."

அவர் உள்ளங்கையைப் பட்டன்மேல் சரியாக வைத்தார். அழுத்தவில்லை. தலையைத் திருப்பி வலது கையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"பாரு, வைக்கத் தெரியுது. அழுத்த மாட்டேங்கறாரு. வாழ்நாள் பூரா பட்டன் அழுத்தித்தான் சோறு போட்டாரு, இப்ப தெரியாதாம். திமிரு. கெழவனுக்கு ஒடம்பு போனாலும் திமிரு போகல."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் திமிரை என்னைவிட யார் அறிவார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள், அவருக்குத் தெரியாமல் கதவோரம் நின்று பார்த்தேன். இடது கையால் வலது கையின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வயிற்றின் மேல் ஏற்றி, பட்டனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து படுக்கை மேல் வைத்தார். வைத்துவிட்டு இடது கையைப் பட்டனுக்கு எடுத்துக்கொண்டு போனார். பிடி விட்டதும் வலது கை வழுக்கி விழுந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி விழுந்தது. அவருக்கு அலுக்கவேயில்லை.

அப்போது எனக்கு நினைவு வந்தது. அவருடைய பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இந்தக் கைக்கு ஒன்று, அந்தக் கைக்கு ஒன்று. இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள். இவரோடு வேலை செய்த ஒருவர், பீஸ் அதிகம் காட்டுவதற்காக ஒரு பட்டனில் கட்டையைச் செருகிவிட்டு ஒரு கையாலேயே ஓட்டினாராம். விரல்கள் போய்விட்டன. ஆயுத பூஜைக்குக் கம்பெனியிலிருந்து பொரி எடுத்து வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் பத்து விரலையும் விரித்து விளக்கு வெளிச்சத்தில் காட்டுவார். "ஏய், பாத்துக்க. ஒத்தக் கையில பட்டனத் தொட்டவன் இல்ல நான்," என்பார். அவர் பெருமைப்பட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அவர் அழுத்த மாட்டேன் என்று கிடக்கவில்லை. இரண்டாவது கைக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறார்.

ஊறுகாய் பாட்டில் மூடி ஒன்றைக் கொண்டுவந்து பட்டனுக்கு இந்தப் பக்கம் வைத்தேன். அவருடைய வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்து, விழாமல் என் கையால் பிடித்துக்கொண்டேன். அவர் மூடியைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். உடனே அழுத்தினார். மெஷினையே இறக்கிவிடுகிற அழுத்து.

மருமகள் ஓடிவந்தாள். "அத்த, லைட்டு எரியுது, எங்க போனீங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் நான் அங்கேயே இருப்பதைப் பார்த்தாள். அவர் கை பட்டன்மேல் இருப்பதைப் பார்த்தாள். உடனே போனை எடுத்தாள். "ஏங்க, அழுத்தறாருங்க. நல்லாவே அழுத்தறாரு. இத்தன நாளா வேணும்னேதான் இருந்திருக்காரு."

அவன் அங்கிருந்து என்ன சொன்னானோ, பீரோ மேல் பெட்டியின் சத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது. அதுதான் விளக்கு எரிகிறதே, இனி என்ன என்று ஏற்றியிருப்பான்.

நான் பிடித்துக்கொண்டால்தான் அவர் அழுத்துவார். நான் பக்கத்தில் இருந்தால்தான் அவரால் என்னைக் கூப்பிட முடியும். இதை எப்படிச் சொல்வது என்று சாயந்திரம் வரைக்கும் மனசுக்குள் கட்டி வைத்தேன். மகன் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன்.

"அவுருக்கு ரெண்டு கையும் வேணும்டா. ஒத்தக் கையில அழுத்த மாட்டாரு. பிரஸ்ஸுல அப்படித்தான வச்சிருந்தாங்க. நான் புடிச்சிட்டு இருந்ததாலதான் அழுத்துனாரு. திருகு வச்ச பெட்டியா மாத்திக் குடுத்துடு. நான் கேட்டுக்கறேன்."

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அவனும் கம்பெனிக்காரன், அவனுக்கு விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் உள்அறைக் கதவைப் பார்த்தான். ஏதோ நல்லதாகச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"அப்ப அந்த இன்னொரு கை நீதான்," என்றான். "அங்கயே உக்காந்துக்க. மோர் ஊத்து."

ஊற்றினேன்.

இப்போது நான் அந்த அறையில்தான் இருக்கிறேன். காய் நறுக்குவது, அரிசியில் கல் பார்ப்பது, இதை எழுதுவது எல்லாம் அங்கேதான். தலைக்கு மேல் பாட்டு. காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். அவர் "ஏ" என்பதை விட்டுவிட்டார். எந்த நாளிலிருந்து விட்டார் என்று நினைவில்லை. அவர் குரல் அவருக்கே கேட்காததால் விட்டுவிட்டாரோ என்னவோ. ஒரு மத்தியானம் கரண்ட் போய் எல்லாம் அமைதியானது. இப்போதாவது கூப்பிடுவார் என்று பஞ்சை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஓனரம்மா ஜன்னலில் வந்து, "என்னம்மா, பாட்டும் காணோம், அவுரு சத்தமும் காணோம். இருக்காரா?" என்று கேட்டார். "இருக்காருங்க," என்றேன்.

ஏதாவது வேண்டுமென்றால் மூடியைப் பார்ப்பார். நான் வலது கையைத் தூக்கி அதன்மேல் வைப்பேன். அவர் இடது கையால் அழுத்துவார். அழுத்திவிட்டு என்னைப் பார்க்க மாட்டார். கதவைப் பார்ப்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் யார் என்று நினைக்கிறாரோ தெரியவில்லை. கூப்பிட்டது கதவு வழியாக வரப்போகிறவளை. நான் எழுந்து ஹாலுக்குப் போய், மருமகளின் மெஷினைச் சுற்றிக்கொண்டு, திரும்ப உள்ளே வருவேன். அப்போதுதான் அவர் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் குறையும். சொம்பா, பெட்பேனா என்று இழுவையைக் கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் போய்விட்டது. இரண்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நான் எழுதினதில் ஒரு விஷயம் சரிதானா என்று தெரியவில்லை. பவர் பிரஸ்ஸில் வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பார்த்துச் சொல்லுங்கள். அந்த இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டுமா, இல்லை ஒன்று முன்னே ஒன்று பின்னே ஆனாலும் மெஷின் இறங்குமா? நான் அவருடைய வலது கையை முதலில் வைத்துவிடுகிறேன். அப்புறம்தான் அவர் இடது கையால் அழுத்துகிறார். சில நேரம் அழுத்தின பிறகு கையை எடுத்துவிட்டு, ஓடாத மெஷினைப் பார்க்கிற மாதிரி பட்டனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒரே நேரத்தில்தான் விழ வேண்டும் என்றால் நான் இனிமேல் அவர் இடது கை இறங்குவதைப் பார்த்துக் கூடவே வலது கையை வைப்பேன். மகனுக்குத் தெரிந்திருக்கும். அவனிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.